எடுபடாத கட்டைவிரல்

ஜூன் 12, வியாழன்

லீவு போட்டுவிட்டு அம்மாவை அலோர் காஜா டவுனில் இருக்கும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டதால் இருவருக்கும் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், முகவரி மாற்ற வேண்டியிருந்தது.

முப்பது வருஷம் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய கை அம்மாவுடையது. மெஷினில் ரேகை எடுக்காது என்று நானே முடிவுகட்டி, நேற்றே அம்மாவின் கட்டைவிரலில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது.

எனக்குத்தான் எரியவில்லை. ஐந்து தடவை வைத்தும் ரேகை எடுபடவில்லை. கவுண்டரில் இருந்த பெண் ஈரத்துணி கொடுத்து, ஃபேக்டரி வேலையா என்று மலாய் மொழியில் கேட்டாள். ஆமாம். ஒன்பது வருஷமாக கெமிக்கல் கலந்த மருந்துத் தண்ணீரில் சாமான் துடைக்கிறேன்.

பஸ்ஸில் அம்மா என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரம் வெட்டுன எனக்கே ரேகை இருக்கு. உனக்கு எங்கடி போச்சு?"

"தேஞ்சி போச்சுலா, விடுங்கம்மா."

"ஏர்கோன் ரூம்ல குளுகுளுன்னு உக்காந்து செய்யிற வேலைன்னுதானே அனுப்புனேன்."

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

வரும் திங்கட்கிழமையிலிருந்து ஃபேக்டரியில் பன்ச் கார்டு கிடையாது. வேலைக்கு வந்ததற்குக் கட்டைவிரல்தான் வைக்க வேண்டுமாம். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

நேற்று மிஞ்சிய எண்ணெயை என் விரலில் தேய்த்துவிட்டு எழுதுகிறேன். பேனா வழுக்குகிறது.