அக்காவைக் கேட்கணும்

என் முரளிக்கு,

உன் வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குச் சற்று மேலே, எழுத்தோ படமோ இல்லாத ஒரு கறுப்புப் பொத்தான் இருக்கிறது. அது எதற்கு? இன்று காலையிலிருந்து தேடிவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. பிளசன்டனில் என் வீட்டிலிருந்து இரண்டாவது முறையாக ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். முதல் முறை உன் காரியங்களுக்கு வந்தபோதும் அழவில்லை, இப்போதும் இல்லை. எல்லாரும் என்னைத் திடமானவள் என்கிறார்கள். அது திடம் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அந்த மாதிரி இருக்கிறது.

இந்த முறை கவிதா ஒரு வேலையாகக் கூப்பிட்டாள். உன் வண்டியை வாங்க நாளை மதியம் பென்சில்வேனியாவிலிருந்து ஒருவர் வருவதாகப் பேச்சு. தியா அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறாள். அம்மாவும் பெண்ணும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

"அண்ணி, பிரேக், டயர் எல்லாம் மெக்கானிக் பாத்துட்டாரு. ஆனா உள்ள இருக்கற சுவிட்ச் ஒண்ணுமே எங்களுக்குப் புரியல. நீங்க எஞ்சினியர். சேஃப்னு நீங்க சொன்னா அவ வெச்சுக்கட்டும். இல்லேன்னா நாளைக்கு அந்த ஆள் எடுத்துட்டுப் போகட்டும். என்னால இனிமே எதையும் முடிவு பண்ண முடியாது" என்றாள்.

மருத்துவக் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. புரியாத எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். கவிதா கேட்டதும் அப்படி ஒரு கையெழுத்தைத்தான்.

நீ இந்த வண்டியை வாங்கிய அன்று ஃபோன் பண்ணினாய், ஞாபகம் இருக்கிறதா? தியாவைவிட வயதில் மூத்த வண்டி. ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. "அக்கா, ஸ்டீயரிங் வலது பக்கம்! நம்ம ஊர் மாதிரியே உக்காந்து ஓட்டலாம்" என்றாய். "இந்த நாட்டுல எல்லாரும் இடது பக்கம் உக்காந்து ஓட்டறான், உனக்கு மட்டும் என்ன? இந்தப் பழைய இரும்பைப் பத்தி இனிமே என்கிட்ட பேசாதே" என்றேன். நீ சிரித்தாய். அதன்பிறகு வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் ஏதாவது சொன்னால் நீ கேட்பது அபூர்வம். இதை ஏன் கேட்டாய்?

காலையில் நானும் தியாவும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, உன் கோணல் கையெழுத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாய். உன் மகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. ஒவ்வொன்றாக விரலை வைத்துக் கேட்டாள்.

"அத்தை, இது என்ன சொல்லுது?"

"அணையும்வரை பொறு."

டீசல் வண்டி. சாவியைத் திருப்பியதும் சுருள் கம்பி மாதிரி ஓர் ஆரஞ்சு விளக்கு எரியும். எஞ்சின் உள்ளே சூடாகி அந்த விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அவளுக்கு விளக்கினேன்.

"ஓ மை காட். அதுக்குத்தான் அப்பா கண்ணை மூடிட்டு வெயிட் பண்ணுவாரா? ஐ தாட் ஹி வாஸ் பிரேயிங்!"

"உங்கப்பனாவது, பிரார்த்தனையாவது" என்றேன். உன் வண்டிக்குள் இருவரும் சிரித்துவிட்டோம்.

ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கக் குச்சியில், "இது வைப்பர்டா, முரளி." இங்கத்து வண்டிகளில் இடப்பக்கம் இருக்கும் இண்டிகேட்டர் இதில் வலப்பக்கம் இருக்கிறது. திரும்பும்போதெல்லாம் மழை இல்லாமல் வைப்பர் போட்டிருக்கிறாய், அதானே? கியருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன கியரில் மூன்று டேப். "தினசரி." "பனி." "சேறு – இன்னும் வாய்க்கவில்லை." பின் இரண்டும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பவை; காய்ந்த ரோட்டில் அவற்றைப் போட்டுத் திருப்பினால் சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து வண்டி கெட்டுவிடும் என்று தியாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, "அத்தை, ஐ காட் இட்" என்றாள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் வட்ட மீட்டரில், "கவிதா பார்க்க வேண்டாம்." நான் காட்டவில்லை.

ஜப்பானிய எழுத்துகள் இருந்த இடங்களில் ஃபோன் கேமராவைக் காட்டினோம். ஒன்று பின்கண்ணாடி ஹீட்டர். இன்னொன்றை, "மரியாதையுடன் மூடவும்" என்று மொழிபெயர்த்தது. அது ஆஷ்டிரே.

கடைசியாகக் குனிந்து அந்தக் கறுப்புப் பொத்தானைப் பார்த்தேன். அதற்குக் கீழேயும் ஒரு டேப். மனதுக்குள் படித்தேன். தியா காத்திருந்தாள்.

"அத்தை? வாட் டஸ் இட் சே?"

"அக்காவைக் கேட்கணும்."

அந்த டேப்பை எட்டிப் பார்த்தாள். "கேட்டாரா?"

"இல்ல."

"ஓகே. இப்ப நான் கேக்கறேன். சொல்லுங்க."

சொல்ல ஒன்றுமில்லை, முரளி. நான் அழுத்தினேன், அவள் வண்டியைச் சுற்றி நடந்தாள். "முன்னாடி?" "நத்திங்." "பின்னாடி?" "நத்திங், அத்தை." எஞ்சின் ஓடும்போது, ஓடாதபோது, விளக்குகள் எரியும்போது, எல்லா விதமாகவும் பார்த்தாயிற்று. தரையில் படுத்து மேலே பார்த்தேன். இரண்டு ஒயர்கள் பொத்தானிலிருந்து கிளம்பி ஒரு துளைக்குள் போகின்றன. அதற்கப்புறம் காணோம். ஜப்பானில் யாரோ எதற்காகவோ தானே வைத்துக்கொண்ட பொத்தான். ஒயர்களைப் பிரித்து, நுனிகளுக்கு டேப் சுற்றிவிட்டு எழுந்தேன். புடவையாக இருந்திருந்தால் வீணாகியிருக்கும். உன் பழைய பேன்ட்டைத்தான் போட்டிருந்தேன்.

கவிதா சமையலறையில் இருந்தாள். தியா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எல்லாம் புரிஞ்சுடுச்சு கவிதா. ஒரு பொத்தான் மட்டும் என்னன்னு எனக்குத் தெரியல. ஒயரைக் கழட்டிட்டேன், அதனால ஆபத்து இல்ல. ஆனா தெரியல."

கவிதா அடுப்பை அணைத்தாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல, அண்ணி."

"நானும்."

"அப்ப சேஃபா, இல்லையா?"

அலுவலகமாக இருந்தால், 'ஒன்று மட்டும் தெரியவில்லை' என்கிற அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன். "தியா ஓட்டட்டும்" என்றேன். கவிதா கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "அந்த ஆளுக்கு வர வேணாம்னு மெசேஜ் போட்டுடறேன்." பிறகு மகளைப் பார்த்து, "சாப்பிட வா" என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு அது.

உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒயர்கள் எங்கே போகின்றன என்று கண்டுபிடிப்பேன் என வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இந்த வண்டியைப் பற்றித் தியா எப்போது கூப்பிட்டாலும் ஃபோனை எடுப்பேன். பேசாதே என்று அவளிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

நேற்று கடிதத்தை இங்கேதான் நிறுத்தினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

தியா ஓட்டினாள், நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ரூட் பதினெட்டு சாலையில், வண்டியில் இருந்தபடியே வாங்கிக்கொள்ளும் ஒரு காபிக் கடையின் டிரைவ்-த்ரூவுக்குள் திருப்பினாள். கடையின் ஜன்னல் என் பக்கம் வந்தது. "அப்பா இங்க ரிவர்ஸ்லதான் வருவாரு, அத்தை. அப்பதான் ஜன்னல் அவர் பக்கம் இருக்கும்" என்றாள். நான் நம்பவில்லை.

ஜன்னலில் இருந்த பெண் கோப்பைகளை நீட்டிக்கொண்டே வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ரிவர்ஸில் வருவாரே, அவர் எங்கே?" என்று கேட்டாள். தியா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நான்கு வண்டிகள் நின்றன.

"அவன் என் தம்பி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

சொல்லிவிட்டேன்.

உன் அக்கா