மெழுகுத் துணி பட்ட பன்னிரண்டு ஜோடிக் காலணிகள்

அனுப்புநர்
இ. ஜாஸ்மின்,
த/பெ. இருதயராஜ்,
சர்ச் தெரு, மாதனூர்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு முதுநிலை ஆய்வாளர் அவர்கள்,
காலணிப் பரிசோதனைக் கூடம்,
ராணிப்பேட்டை.

பொருள்: நீர் ஒட்டாத நானோ பூச்சு பூசிய காலணிகளை மீண்டும் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வயது பதினெட்டு. இங்குள்ள காலணித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். இது புகார் மனுதான். புகார் என் மேல்.

2. வேலூரில் ஆராய்ச்சி செய்யும் அஃப்ஷா அக்கா, தோலின் மேல் தெளிக்கும் ஒரு பூச்சைக் கண்டுபிடித்து எங்கள் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவோ அவ்வளவுதான் அதன் கனம். கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்கள் அதில் நெருக்கமாக நிற்பதால் தண்ணீர் தோலைத் தொடவே முடியாது என்றார். அந்தப் பூச்சிட்ட பன்னிரண்டு ஜோடிகள் தங்களிடம் வந்தன. பத்தே நிமிடத்தில் ஈரம் இறங்கியதாகத் தங்கள் அறிக்கை சொன்னது. அறிக்கை சரியானது.

3. எங்கள் பிரிவில் எந்தக் காலணியும் பெட்டிக்குள் போகுமுன் மெழுகுக் கிரீம் தொட்ட துணியால் ஒருமுறை துடைக்கப்படும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். அன்று எங்கள் லைன் லீடர் குர்ஷித் அக்கா, "ராணிப்பேட்டை பெரிய சார் பாக்கப் போறாரு, ஜோரா துடைங்கடி. பொண்ணு பாக்க வரும்போது மூஞ்சி கழுவாமயா நிப்பீங்க?" என்றார். அந்தப் பன்னிரண்டு ஜோடியையும் துடைத்தது நான். தாங்கள் பார்ப்பீர்களே என்று இரண்டு முறை அழுத்தித் துடைத்தேன்.

4. அதே பூச்சிட்ட, ஜோடி இல்லாத இடதுகால் காலணி ஒன்று அலமாரியில் மிஞ்சியிருந்தது. ஒற்றைக் காலணியை நாங்கள் துடைப்பதில்லை. சென்ற வியாழன் சாப்பாட்டு நேரத்தில் என் பாட்டில் தண்ணீர் அதன் மேல் சிந்திவிட்டது. ஐயா, தண்ணீர் நனைக்கவில்லை! உருண்டை உருண்டையாக ஓடித் தரையில் குதித்தது. பாட்டில் காலியாகும்வரை ஊற்றினேன். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் மெழுகுத் துணியால் தேய்த்து, பாட்டிலை நிரப்பி மறுபடி ஊற்றினேன். தேய்த்த பக்கம் நனைந்தது, மறுபக்கம் காய்ந்தே இருந்தது.

5. சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து ஓடினேன். தர மேலாளர் செல்வகுமார் சாரின் மேசையில் அந்தக் காலணியை வைத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அவர் அஃப்ஷா அக்காவை வரவழைத்தார். "அடிப்பாவி! ஒரு மாசமா நான் ஃபார்முலாவுல தப்பு தேடிட்டிருக்கேன்டி!" என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். மெழுகுக் கிரீமில் தண்ணீரை இழுக்கும் சோப்பும் உண்டாம்; அது அந்தத் துகள்களின் இடைவெளியை அடைத்துவிட்டதாம். நாங்கள் துடைப்பது அவருக்குத் தெரியாது. துடைக்கக் கூடாதென்பது எங்களுக்குத் தெரியாது.

6. என் அம்மா மரியம்மாள் ஸ்பிரே பிரிவில் பதினோரு வருடமாகத் நெடியடிக்கும் தின்னர் கலந்த லேக்கர் பூச்சை அடிக்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்தால் இருமல் நிற்பதில்லை. புதிய பூச்சு தின்னர் இல்லாமல் தண்ணீரில் கலந்து அடிப்பது, நெடியே இல்லை. இம்மாதம் 28ஆம் தேதிக்குள் அது தங்கள் சோதனையில் தேறாவிட்டால், நிர்வாகம் அடுத்த வருடத்துக்கும் லேக்கரையே வாங்கிவிடும்.

7. "வாயால சொன்னா ஆவாதும்மா, துடைச்சவளே கைப்பட எழுதணும்" என்று செல்வகுமார் சார் சொன்னதால் எழுதுகிறேன். துணி படாத ஆறு ஜோடிகளை அஃப்ஷா அக்காவே பெட்டியில் வைத்து ஒட்டி இத்துடன் அனுப்பியுள்ளார். அவை பளபளப்பாக இருக்காது, மங்கலாகத் தெரியும். தங்கள் ஊழியர்கள் யாரும் அவற்றைத் துடைத்துவிடாமல், 28ஆம் தேதிக்கு முன் சோதித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

8. நான்கு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆனாலும் சந்தேகம் இருந்தால் என்னை அழையுங்கள், வந்து நின்று சொல்கிறேன். அழைக்காவிட்டாலும், தண்ணீர் ஊற்றும் நாளை மட்டும் தெரிவித்தால் அம்மாவும் நானும் வாசலோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவோம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
இ. ஜாஸ்மின்

இடம்: மாதனூர்
நாள்: 12.11.2025