மூக்கால் வடிகிற தண்ணீர்

ஒக்டோபர் 3

தோட்டத்தில் புல்லுப் பிடுங்கக் குனிந்தால் இடது மூக்கால் தண்ணீர் சொட்டுகிறது. சளி இல்லை, நிறமில்லாத வெறும் தண்ணீர். தொண்டைக்குள் இறங்கினால் உப்புக் கரிக்கிறது. பீனிசம், நாட்பட்ட மூக்குச்சளி என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இவரின் தமக்கை, கமலாவதி மச்சாள், நொச்சியிலை அவித்து ஆவி பிடிக்கச் சொல்கிறா, தலையில் தண்ணீர் வார்த்துத் தோயக் கூடாதாம். நான் வேலைக்குக் கள்ளம் அடிக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் அவதான். புருஷன் செத்த மனுசி என்று பாவம் பார்த்து என்ரை சீதன வீட்டில் இடம் கொடுத்ததற்கு இது கூலி.

ஆடியில் சுவரில் தலை மோதினதற்கு முதல் எனக்கு ஏது பீனிசம்? மோதினதா? மோத வைத்தது. சிவரூபன், என் புருஷன். எழுதினால்தான் என்ன, இதை ஆர் வாசிக்கப் போகினம்.

ஒக்டோபர் 10

காதுமூக்கு டொக்டர் தனுஷா. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறா, ஆனால் கெட்டிக்காரி. தலையில் அடிபட்டதா என்று என்னைக் கேட்டா. இவர் முந்திக்கொண்டார்: "கிணத்தடியிலை சாடையா வழுக்கினவ. பெரிசா ஒண்டுமில்லை." நான் தலையாட்டினேன். தலையாட்டிப் பொம்மை நான்!

டொக்டர் நம்பவில்லை. மூளையைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறதாம், மண்டையோட்டில் வெடிப்பு வந்தால் அது மூக்கால் ஒழுகுமாம். அந்த வழியால் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. சளியா மூளைநீரா என்று அறிய ஒரு புரதத்தைத் தேடுவார்கள். பெயர் புரோஸ்டகிளாண்டின் டி சிந்தேஸ். துண்டில் எழுதித் தந்தா. அதை மூளையின் உறை சுரக்கிறது, நித்திரையைக் கொண்டுவரும் பொருளை உண்டாக்குவதும் அதுதானாம். மூளைநீரில் அது நிறைய, சளியில் மிகக் கொஞ்சம். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்திலும் கூடும், அதனால் இரத்தமும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நித்திரை தருகிற சாமானாம். அதுதான் எனக்கு நித்திரை இல்லைப்போல.

சொட்டுவதை ஏந்த மூடி போட்ட சின்னப் போத்தல் தந்தா. பிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஒக்டோபர் 22

கந்தசஷ்டி தொடக்கம். மச்சாள் வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சட்டி பானை எல்லாம் புதிதாக எடுத்துவிட்டா. இத்தனை நாளும் தலையணையில் இறங்கினது, போத்தலுக்கு மட்டும் வரமாட்டேன் என்றது. இன்றைக்குத்தான் போதுமான அளவு சேர்ந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 23

போத்தலைக் காணவில்லை. மச்சாளைக் கேட்டேன்.

"விரதப் பாலுக்குப் பக்கத்திலை மூக்குச்சளியே வைக்கிறது? வாழையடியிலை ஊத்திப்போட்டன்."

நான் கத்தினேன். இவர் சிரித்தார். நல்லாய்ச் சிரித்தார். அவன் சிரிச்சது எனக்கு விளங்குது, பீனிசம் எண்டே இருந்தால் அவனுக்குச் சுகம். உவள் தமக்கைக்கு என்ன? தண்ணியைக் கூட விடமாட்டினம் இந்த வீட்டிலை.

ஒக்டோபர் 24

தனியே பஸ் ஏறிப் போனேன். டொக்டர் அங்கேயே குனிய வைத்து ஏந்தினா, இரத்தமும் எடுத்தா. கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகுமாம். முடிவு வரும்வரை குனியாதே, மூக்குச் சீறாதே, காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வா என்றா.

அந்தப் புரதம் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று சொல்லும். ஆர் அடித்தது என்று சொல்லுமா?

நவம்பர் 1

காய்ச்சல் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

நவம்பர் 14

முடிவு வந்துவிட்டது. இவர் வரவில்லை, நான் என்ன கதைக்கிறேன் என்று பார்க்க மச்சாளை அனுப்பினார். அவ பக்கத்துக் கதிரையில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காவல் இருந்தா.

மூளைநீர்தான். சிறுநீரகம் நல்லாயிருக்கிறது, சந்தேகம் இல்லை. ஒப்பரேஷன் செய்து வெடிப்பை அடைக்க வேண்டும். பிறகு டொக்டர் பேனையை வைத்துவிட்டு, இது பீனிசத்தாலும் வராது, சாடையாக வழுக்கினதாலும் வராது, என்ன நடந்தது என்று திரும்பக் கேட்டா. எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? இவ்வளவு எழுதுகிறவள்!

மச்சாள்தான் சொன்னா.

"இவள் விழேல்லை, டொக்டர். என்ரை தம்பி தலைமயிரிலை பிடிச்சுச் சுவரோடை அடிச்சவன். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். உது சளி எண்டு நினைச்சுத்தான் ஊத்தினன்."

பஸ்ஸில் நன்றி வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஆடியிலை எங்கை போனது உந்த வாய்?

ஜனவரி 9

ஒப்பரேஷன் முடிந்து மூக்குக் காய்ந்துவிட்டது. டொக்டர் பொலிசுக்கு அறிவித்ததால் வந்த வழக்கு, சாவகச்சேரிக் கோட்டில் இன்றைக்குத் தவணை. வாசலிலே தம்பி தமக்கையின் முகத்தைப் பார்த்துக் காறித் துப்பினான். அவ துடைத்துவிட்டு உள்ளே போய், அன்றைக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னா. அவன் இந்த வீட்டுப் படலையைத் தாண்டக் கூடாது என்று நீதவான் கட்டளை.

வந்து பார்த்தால், எனக்கு முந்தி வந்த மச்சாள் உடுப்புப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறா. போக ஒரு இடமும் இல்லை, தம்பியைக் காட்டிக் கொடுத்தவளை எந்தச் சொந்தம் சேர்க்கும்? நான் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை.

உள்ளே வந்து இரண்டு பேருக்கு அரிசி போட்டேன்.