அலுமினியம் என்றீர், இரும்பு என்றேன்

இன்று காலை ஜீப்புக்குக் கீழே படுத்துக்கொண்டு, எஞ்சினில் கல் இடிக்காமல் பூட்டியிருந்த அடித்தகட்டைக் கழற்றினேன். கடைசி போல்ட் விட்டதும் தகடு ஒரு பக்கம் சரிந்து, அதன் மேல் காய்ந்து கிடந்த வேல்ஸ் மலை மண் முழுக்க என் முகத்தில் கொட்டியது. கண்ணிலும் வாயிலும் மண். பழைய எஞ்சின் எண்ணெய் மணம் வேறு. நீர் இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பீர். நான் தும்மிக்கொண்டே அழுதேன், பிறகு அழுதுகொண்டே தும்மினேன். நல்லகாலம், வீட்டு வாசலில் ஒருவரும் இல்லை.

நீர் போனபிறகு அந்த ஜீப்பைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வருசக்கணக்காய் நின்றதை இன்றைக்குத்தான், எண்ணெயாவது மாற்றுவோம் என்று அடியில் போய்ப் படுத்தேன். அந்த மண் நாங்கள் கடைசியாகப் போய்வந்த பாதையின் மண் என்பது முகத்தில் விழுந்தபிறகுதான் உறைத்தது. கழுவ மனமில்லாமல் கனநேரம் இருந்தேன்.

எண்பதுகளில் எங்கள் சனம் எல்லாம் வீட்டுக்கும் கடைக்கும் ஓடித்திரிய, நாங்கள் புருசன் பெண்சாதி இரண்டுபேரும் தோர்ண்டன் ஹீத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு பழைய ஜீப் வாங்கினோம். ஓட்டினது நீர். கிளிநொச்சியில் தகப்பனாரின் டிராக்டரைச் சேற்றுக்குள் ஓட்டிப் பழகிய ஆளுக்கு லண்டன் ரோட்டில் கொட்டாவிதான் வந்தது. கோயிலில் பகிடி பண்ணுவார்கள், "என்ன அண்ணை, அக்கா இந்தமுறை உங்களை எங்கை ஏத்திக்கொண்டு போறா?" என்று. "அதை அவவிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். பிள்ளைகுட்டி இல்லாத எங்களுக்கு சனி ஞாயிறு அப்படித்தான் போனது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் வேல்ஸில் ஒரு கல் அடியில் இடித்து எண்ணெய்த் தொட்டி பிளந்துவிட்டது. எண்ணெய் முழுவதும் பாதையில் ஊற்றுப்பட, நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நீர் மழைக்குள் குந்தியிருந்து அடியை எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தமுறை ஒரு தகடு போட்டுக்கொண்டு வருவம்" என்றீர். அவ்வளவுதான். கடையில் விற்கும் தகடு எங்கள் கிழட்டு ஜீப்புக்குப் பொருந்தாது. நாங்களே செய்வதென்று முடிவானது.

பின்வளவில் நீர் நடத்திய பரீட்சை நினைவிருக்கிறதா? ஓர் அலுமினியத் தகடு, ஓர் இரும்புத் தகடு, கோழிக்கடைக்காரத் தம்பி தந்த, இறைச்சி வெட்டும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. ஒவ்வொன்றையும் இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, அதன்மேல் ஜீப்பின் முன்சில்லை ஏற்றினீர். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். பிளாஸ்டிக் வளைந்து நிமிர்ந்தது. அலுமினியம் வளைந்தபடியே கிடந்தது. இரும்பு அசையவில்லை, செங்கல்தான் உடைந்தது.

"பாத்தீரே? இரும்புதான்" என்று நான் துள்ளினேன்.

"அலுமினியத்திலை கொஞ்சம் தடிப்பாய் எடுப்பம்" என்றீர்.

"அலுமினியம் சட்டிபானைக்குத்தான் சரி. அது மெதுமை, கல்லு கொளுவிப் பிடிச்சுக்கொள்ளும். இரும்பெண்டால் வழுக்கிக்கொண்டு போகும்."

"இரும்பு சரியான கனம். ஒராளாலை தூக்கிப் போட ஏலாது, இஞ்சாருங்கோ."

"ஏன் ஒராள்? நாங்கள் ரெண்டுபேர் இருக்கிறம்தானே!"

 இரும்பில் கை வைத்துத் தடவிக்கொண்டு நின்றீர். நான் விடவில்லை. துருவுக்குப் பெயின்ட் அடிக்கலாம், வளையாது, வெடித்தால் ஒட்டலாம் என்று எனக்குத் தெரிந்தது தெரியாதது எல்லாம் அளந்தேன். கடைசியில் நீர், "சரி, இரும்பே போடுங்கோ. இப்ப நான் பிடிக்கிறன்" என்றீர். அந்த "இப்ப" என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அந்தக் கோடையில் அதே பாதைக்குப் போனோம். கல்லில் இரும்பு உராய்ந்த சத்தத்தில் பல்லுக் கூசியது. நீர் ஸ்டியரிங்கில் அடித்து, "ஐயோ, நல்லாய்த் தாங்குது!" என்று கத்தினீர். மலை உச்சியில் நிறுத்தி, கொண்டுபோன புட்டையும் முட்டைப் பொரியலையும் முழுக்கச் சாப்பிட்டீர். உம்முடைய முகத்தில் நோயின் ஒரு சுவடும் இல்லை. இருந்திருந்தாலும் நான் கண்டிருப்பேனோ தெரியாது.

அந்தத் தீபாவளிக்கு முன்னம் உம்மை ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தாயிற்று. ஒரு பின்னேரம், நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்க, காலநிலை சொல்வதுபோலச் சொன்னீர். "தகடு செய்யேக்கையே எனக்குத் தெரியும். டொக்டர் சொல்லிப்போட்டார். அதுதான் அலுமினியம் எண்டு சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றேன்.

"பிறகு நீங்கள் தனிய எப்பிடித் தூக்குவியள்?"

உரித்த பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். "அதை வித்துப்போட்டு அலுமினியம் வாங்கிப் போடுங்கோ, என்ன?" என்று நீர் கேட்டீர். ஓம் என்று தலையாட்டினேன். பொய்யாய்த்தான் ஆட்டினேன்.

எனக்கு உம்மில் கோபம். இத்தனை காலம் கழித்தும் தீராத கோபம். அவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு எப்படி அந்தச் செங்கல்லின் மேல் சில்லை ஏற்றினீர்? கேட்டால், "சொல்லியிருந்தால் நீங்கள் என்னை ஜீப் ஓட விட்டிருப்பியளே?" என்று என்னையே மடக்குவீர். விட்டிருக்க மாட்டேன், உண்மைதான். அதற்காக, "நான் இல்லாத நாளில் இவர் எப்படித் தகடு பூட்டுவார்" என்று நீர் தனியே இருந்து யோசித்ததை நான் எப்படித் தாங்குவது?

அலுமினியம் வாங்கமாட்டேன். கோவிக்காதையும்.

இன்று பின்னேரம் அந்த இரும்பை ஜாக்கில் வைத்து மெல்ல மெல்ல ஏற்றினேன். ஒரு பக்கம் ஏற மறுபக்கம் வழுக்கியது. திட்டிக்கொண்டே, முதுகு நோக நோக, எப்படியோ துளைகளை நேராக்கி ஒரு போல்ட்டைக் கையால் பூட்டிவிட்டேன். ஸ்பானரை வைத்து இறுக்கப் போனவன், "பிடிச்சிட்டீரே?" என்று கேட்டேன். வாயில் தானாக வந்தது. நாங்கள் சேர்ந்து பூட்டும்போது, உம்முடைய கை நசிந்துவிடுமோ என்ற பயத்தில், "ஓம், இறுக்குங்கோ" என்று நீர் சொல்லாமல் நான் ஒருநாளும் இறுக்கினதில்லை.

கேட்டுவிட்டு, ஸ்பானரைத் திருப்பாமல் அப்படியே காத்துக்கொண்டு கிடந்தேன்.