பச்சை நூல் சுற்றிய குண்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடிய விடியத் தூறல். ஜிம் போய்ச் சேர்வதற்குள் செருப்பில் அரைக் கிலோ கரிசல்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மதுரையில் கெட்டில்பெல் போட்டி, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு தூக்குவது. அதற்கு எங்கள் பெண்கள் பேட்ச்சில் ஒருத்திதான் போகலாம். நான், இல்லாவிட்டால் செல்வி. செ. விளாத்திகுளம் பக்கத்துப் பெண். வயல் வயலாக ஆட்டுக் கிடை போடுகிற குடும்பம். முதல் பஸ்ஸில் வருகிறாள். பேச்சே கிடையாது. பேசாதவர்களை நான் நம்புவதில்லை.

சர்க்கரையைக் குறைக்கத்தான் குண்டு தூக்க ஆரம்பித்தேன். அது கறுப்பு இரும்புக் குண்டு. எடை கூடினால் உருவமும் பெரிதாகும், கண்ணுக்குத் தெரியும். நாலு வீச்சு வீசு, டொம்மென்று போடு, தண்ணீர் குடி. வீட்டுக்கு வந்து இட்லியை எண்ணித் தின்னு. அவ்வளவுதான்.

போட்டிக் குண்டு அப்படியா? எட்டுக் கிலோவும் பதினாறு கிலோவும் ஒரே பருமன், நிறம்தான் வேறு. பதினாறுக்கு மஞ்சள். உள்ளே பொள்ளல், வெறும் கூடு. ஜிம் நடத்துகிற தங்கராஜ் மாஸ்டர், லேத் பட்டறையில் சொல்லி, இரும்புத் தூள் அடைத்து, அடியில் திருகு மூடி போட்டு இரண்டு மஞ்சள் குண்டு செய்து வைத்திருக்கிறார். என்னுடையதில் பச்சை நூல் சுற்றியிருக்கிறேன், மாறிவிடக் கூடாது.

போட்டியில் பத்து நிமிடம் கீழே வைக்கக் கூடாது. கை ஒரு முறைதான் மாற்றலாம். அதிகத் தடவை தூக்குகிறவளுக்கு வெற்றி. செ. தலைக்கு மேல் தூக்கிவிட்டு ரேஷன் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறாள். மூச்சு வாங்கவில்லை. பதினாறு கிலோவா அது?

நவம்பர் 6, வியாழன்

வாங்க: கை வழுக்காமலிருக்க சாக்பீஸ் பொடி. கோதுமை மாவு. மச்சானுக்கு இருமல் மருந்து, ராத்திரி பக்கத்தில் என்னையும் தூங்கவிடுவதில்லை.

இன்று செ.வை முந்திவிட்டேன். போன மாதம் இதில் பாதிகூட முடியாது. உழைப்பு வீண் போகாது.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "ஜமீலா மேடம், எறியாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்? இது அந்தக் கறுப்புக் குண்டு இல்ல. மெதுவா வைங்க." அவளை ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவள்தான் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைக்கிறாளே! எனக்கு டொம்மென்று போட்டால்தான் முடிந்த மாதிரி இருக்கும்.

பிறகு அதிசயமாக வாய் திறந்தாள். "யக்கா, ஒங்க குண்டுக்குள்ள என்னமோ சரசரங்குதுக்கா."

"நீ ஒன் குண்டப் பாரு" என்றேன். முகம் சுருங்கிப் போனாள். தேர்வு நெருங்கும்போது மனசைக் கலைக்கிற வேலை. தெரியாதா எனக்கு.

ஜிம் பாயின் ஓரமெல்லாம் கறுப்பு மண். கிடையிலிருந்து அப்படியே வந்துவிடுகிறாள். கூட்டுவது நான்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. சுள்ளென்று வெயில். மச்சான் இருமல் தேவலை.

ஜிம்மில் கூட்டும்போது பர்ஸ் கீழே விழுந்தது. எடுத்தால் அதன் காந்தப் பூட்டில் அந்த மண் முள் முள்ளாக ஒட்டியிருக்கிறது. கரிசல் காந்தத்தில் ஒட்டுமா?

இரும்புத் தூள்! அவள் குண்டைத் திருகித் தூளைக் கொட்டி எடையைக் குறைத்திருக்கிறாள். அதனால்தான் அந்த நிற்பு. ஒரு சிட்டிகை தீப்பெட்டியில் பத்திரமாக வைத்தேன். சாட்சி.

பெண்கள் பேட்ச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நாளை இரண்டு குண்டையும் ஸ்கூட்டரில் வைத்து மச்சானின் மிளகாய் வத்தல் கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டால் சாயம் வெளுத்துவிடும்.

நவம்பர் 8, சனி

எப்படி எழுதுவது.

மதியம், கடையில் யாவாரிகள் இல்லாத நேரம். மச்சான் தும்மிக்கொண்டே, "வத்தல் நிறுக்கிற தராசு ஏட்டி. அதுலயும் டொம்முன்னு போட்டுறாத" என்றார்.

முதலில் செ.வின் குண்டு. சரியாகப் பதினாறு. தராசைத் தட்டினேன். இறக்கி மறுபடி வைத்தேன். பதினாறேதான்.

அடுத்தது என்னுடையது. பதினாலரை.

"ஏட்டி, பச்ச நூலு கெடக்கு. இது ஒன்னதுல்லா?"

அவரே சாய்த்துப் பார்த்தார். அடியில் திருகு மூடி நெளிந்து, வாயைப் பிளந்து, தூள் பொலபொலவென்று கொட்டியது. செ.தான் நெம்பியிருப்பாளோ என்று அப்போதும் ஒரு நொடி நினைத்தேன். நெம்பிய தடமே இல்லை. தரையில் மோதி மோதி நசுங்கிய விளிம்பு. நான் போட்ட டொம். தினமும் சிந்தியதைக் கரிசல் என்று கூட்டி வெளியே தள்ளியதும் நான்தான்.

முந்தினேன் என்று எழுதி வைத்திருக்கிறேனே, வியாழக்கிழமை. அது நான் முந்தியதில்லை. வெட்கமாக இருக்கிறது. அதைவிட ஆத்திரம், யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மச்சான் மூடியை அமுக்கிப் பார்த்தார். "வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு. சும்மா கொண்டுபோய் வையி. மதுரையப் பாத்துட்டு வா."

இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம். இட்லி இரண்டு.

மாஸ்டர் விசிலை எடுத்ததும் சொல்லிவிட்டேன். "என் குண்டு கொறவா இருக்கு மாஸ்டர். எறிஞ்சு எறிஞ்சு நான்தான் ஒடச்சிருக்கேன்." அவர் தூக்கிப் பார்த்தார், குலுக்கினார், ஓரமாக மெதுவாக வைத்தார். திட்டியிருக்கலாம்.

செ. தன் குண்டை என் பக்கம் நகர்த்தினாள். "யக்கா, மொதல்ல நீங்க இதுல தூக்குங்க. நான் பொறவு தூக்குதேன்."

ஏன் என்னை முதலில் விடுகிறாள்? கைப்பிடியில் எதையாவது தடவியிருக்கிறாளோ என்று மோந்து பார்த்தேன். சாக்பீஸ்தான்.

ஏழாம் நிமிடம் தோள் விட்டது. கை தானாக எறியப் போயிற்று. அடக்கிக்கொண்டு, குனிந்து, மெதுவாக வைத்தேன். சத்தமே இல்லை.

அவள் பத்து நிமிடமும் நின்றாள். அதே குண்டு. பதினாறு கிலோவேதான், எனக்குத் தெரியும். நன்றாகத்தான் இருந்தது பார்க்க.

மதுரைக்கு செ. போகிறாள்.

படி இறங்கும்போது பின்னாலேயே வந்தாள். "யக்கா, மதுரைக்குத் தொணைக்கு வர எங்க வீட்ல ஆளு இல்ல. நீங்க வாரீகளா?"

பார்க்கலாம் என்றேன்.

பேட்ச்சில் இத்தனை பேர் இருக்க, ஏன் என்னைக் கேட்கிறாள்?