தள்ளினால் கூட்டல், இழுத்தால் கழித்தல்

3.11.98, செவ்வாய்
விடாத மழை. பருத்தி விதைத்தவர்களுக்குக் கொண்டாட்டம். அம்மா இன்றும் மல்லிகைப் பூவை வைத்து மாரைக் கட்டிவிட்டாள், பால் வற்றுவதற்காக. பிள்ளை இல்லை என்று பாலுக்கு யார் போய்ச் சொல்வது? பதினாலு நாள் ஆகிறது. அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

5.11, வியாழன்
சித்தி வந்தாள், கடம்பூர் போளியோடு. அடுத்தது நல்லபடியாகப் பிறக்குமாம். இரண்டு போளி தின்றேன். இனிப்பு என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

7.11, சனி
ஆய்வுக்கூடத்திலிருந்து ரகுவன்ஷி கடிதம் போட்டிருக்கிறான். என்னோடு ஒரே அறையில் வேலை செய்பவன். கூடவே மூன்று தாள் நிறைய எண்கள். கடைசி வரி: ‘குழந்தை பிறந்ததும் இனிப்பு அனுப்பு.’ வேலைக்கு அந்த ஊருக்கே திரும்பிப் போன என் வீட்டுக்காரர், பிள்ளை போனதை அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. குறை சொல்ல முடியாது. நான் மட்டும் யாரிடம் சொன்னேன்?

விஷயம் இது. எங்கள் வளையக் குழாய்க்குள் எலெக்ட்ரான் கற்றை நிற்க மாட்டேன் என்கிறதாம். கற்றை எங்கே போகிறது என்று காட்டும் மானிட்டர்களில் ஏழாவது, அது நடுவை விட்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே போவதாகக் காட்டுகிறது. உள்பக்கம் திருப்பினால் இன்னும் வெளியே போனதாகச் சொல்கிறது. கடைசியில் கற்றை குழாய்ச் சுவரில் மோதி ஒழிகிறது. கற்றையைத் திருப்பும் பக்கத்துக் காந்தம் கோடு விலகி உட்கார்ந்திருக்கிறது என்று தலைமை விஞ்ஞானி முடிவு கட்டிவிட்டார். அந்தக் காந்தத்தை உட்கார வைத்தவன் ரகுவன்ஷி. மூன்று தடவை அளந்தானாம். இருபதாம் தேதி குழாயை வெட்டித் திறக்கிறார்கள். திறந்தால் மறுபடி காற்றை இறைத்து எடுக்க இரண்டு மாதம். அவனை ஸ்டோருக்கு மாற்றும் உத்தரவும் தயார்.

‘நீ மானிட்டர்களைச் சோதித்து எடுத்த அளவுகளில் சந்தேகமில்லை. வேறு ஏதாவது தோன்றுகிறதா பார்’ என்று எழுதியிருக்கிறான்.

8.11
பார்க்கவில்லை.

10.11, செவ்வாய்
பார்த்தேன். செய்வதற்கு வேறு வேலை இல்லை. ஏழாம் மானிட்டரின் எண்களில் கூட்டல் குறியை எல்லாம் கழித்தலாக்கினேன். எல்லாம் ஒழுங்காகப் பொருந்திவிட்டது. காந்தம் சரி. கற்றை சரி. மானிட்டர் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று காட்டும் அட்டவணைதான் தப்பு. அட்டவணை போட்டவள் நான்.

எப்படி? பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேனே!

11.11, புதன்
தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மானிட்டரை வளையத்தில் பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதிப்போம். கற்றைக்குப் பதிலாக ஒரு மெல்லிய கம்பி. திருகைச் சுற்றிக் கம்பியை நகர்த்தி, மானிட்டர் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். திருகு இரண்டு பக்கமும் உண்டு. நாங்கள் எப்போதும் சுவர்ப் பக்கம்தான் நிற்போம். அங்கிருந்து தள்ளினால் கூட்டல், இழுத்தால் கழித்தல். ஆறு மானிட்டரும் அப்படியே முடித்தேன். ஏழாவதைச் செய்தது பிரசவ லீவுக்கு முந்தின வாரம். சுவருக்கும் மேசைக்கும் நடுவே என் வயிறு நுழையவில்லை. நான்தான் சிரித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து குறி தலைகீழாக வர வேண்டும். கை பழக்கத்தில் எழுதியது: தள்ளினால் கூட்டல், இழுத்தால் கழித்தல். நடுவில் வயிற்றுக்குள் ஒரு உதை. எத்தனை சுற்று என்பது மறந்துபோய் முதலிலிருந்து எண்ணினேன். எண்ணிக்கையைச் சரிபார்த்த மகராசி நான், நின்ற பக்கத்தைப் பார்க்கவில்லை.

12.11, வியாழன்
அம்மாவிடம் சொன்னேன், என் தப்புக்கு ஒருத்தன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, “ஏட்டி முத்து, பெத்துப் பொழச்ச ஒடம்பு. ஒன்னய எவன் வந்து கேக்கப் போறான்? அவன் பாட்ட அவன் பாத்துக்கிடுவான்” என்றாள். அவளுக்கு நான் பிழைத்ததே போதும்.

14.11
கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள ரகுவன்ஷி’யைத் தாண்டவில்லை. தப்பு என்னுடையது என்று எழுதிவிடலாம், வெட்கம் ஒன்றும் பெரிதில்லை. அடுத்து ஏன் என்று கேட்பார்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

16.11
இனிக் கடிதம் போட்டாலும் இருபதுக்குள் போய்ச் சேராது. நாளைக் கடத்திவிட்டேன், கெட்டிக்காரி.

17.11, செவ்வாய்
போன் பேசப் போகிறேன் என்றேன். மாதம் கழியாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்று அம்மா மறித்தாள். செருப்பை மாட்டினேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, என் இடுப்பில் வேப்பிலையும் ஒரு இரும்பு ஆணியும் செருகிவிட்டுக் குடையோடு அவளும் கிளம்பினாள். கரிசல் சேறு செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முக்கிலுள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

ரகுவன்ஷி கிடைத்தான். முதலில் பூத் நம்பரைக் கொடுத்தேன். நான் எதிர்ப்பக்கம் நின்று அளந்ததைச் சொன்னேன். அவன் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. இங்கே மீட்டர் ஓடியது. பிறகு மெதுவாக, நீ ஏன் அங்கே போய் நின்றாய் என்று கேட்டான். அவனே புரிந்துகொண்டு சிரித்தான். குழந்தை எப்படி இருக்கிறது என்றான்.

லைன் கட்டானதுபோல் ரிசீவரை வைத்துவிட்டேன்.

பூத்துக்காரர் பிச்சையா அண்ணாச்சி, “வேற நம்பர் போடணுமாம்மா?” என்றார். வேண்டாம் என்றேன்.

21.11, சனி
பிச்சையா அண்ணாச்சி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். ரகுவன்ஷி பூத்துக்குப் பேசினானாம். குழாயை வெட்டவில்லை. குறியை மாற்றிப் போட்டதும் கற்றை நாற்பது நிமிஷம் நின்றதாம். அவன் ஸ்டோருக்குப் போகவில்லை. நல்லது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது.

28.11, சனி
ஆபீசிலிருந்து தபாலில் பிழை அறிக்கைப் படிவம். நான் நிரப்பி அனுப்பினால்தான் கோப்பை மூடுவார்களாம். தேதி, கருவி எண், பிழையின் அளவு எல்லாம் ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். ‘காரணம்’ என்ற கட்டம் மிச்சம். கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். பேனாவை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன்.

எழுதியது: ‘சுவருக்கும் மேசைக்கும் நடுவே இருந்த இடம் எனக்கும் என் மகனுக்கும் சேர்த்துப் போதவில்லை.’

என் மகன். வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதேன்.