பிளேட்லெட் கொடுக்க வந்தவருக்கு விருந்து

ஆகஸ்ட் 4, திங்கள்

சரத்துக்குப் பல் ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது. காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தலையணை உறையைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். கீமோ ஏற்றினால் பிளேட்லெட் இறங்கும், ரத்தத்தை உறைய வைக்கிற அணு அதுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இவ்வளவு இறங்கும் என்று சொல்லவில்லையே. நாளைக்குள் ஏற்றியாக வேண்டுமாம். இல்லாவிட்டால் மூளையில்கூடக் கசியலாமாம். அதை ஏன் என்னிடம் சொன்னார்?

ரத்த வங்கியில் இருக்கும் மாலா விளக்கினாள். ஐந்தாறு பேர் சாதாரணமாகக் கொடுக்கிற ரத்தத்திலிருந்து பிரித்துச் சேர்த்தும் ஏற்றலாம். ஆனால் இவருக்கு அடிக்கடி தேவைப்படும் என்பதால் ஒரே ஆளிடம் மெஷினில் எடுப்பது நல்லது. மெஷின் ரத்தத்தை இழுத்துச் சுழற்றி, பிளேட்லெட்டைப் பையில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அதே கைக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

"எங்கிட்டயே எடுங்க" என்றேன். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே ரத்தம் பத்தலக்கா" என்று சொல்லிவிட்டாள். கட்டின புருஷனுக்குக் கொடுக்கக்கூட இந்த உடம்பு உதவாதா?

அதே நாள், சாயங்காலம்

பிள்ளைச்சாவடிக் குப்பத்துக்குப் போனேன். உத்திராபதி அண்ணனும் சரத்தும் ஒரே போட்டில் மீன் தொழிலுக்குப் போகிறவர்கள். ரத்த குரூப்பும் ஒன்றுதான். கேட்ட உடனே, "நான் வர்றேன் தங்கச்சி" என்றார். அவர் மனைவி வரலட்சுமி அண்ணிதான் கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வெளிய எடுத்த ரத்தத்த திருப்பி உள்ள உடுவாங்களாமே. நாளைக்கு இவரால வலை இழுக்க முடியலன்னா எம் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அழுதுவிட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் ஒரு மடச்சி.

அண்ணி அப்படிச் சொல்லியும் அண்ணன் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ரத்தம் கொடுக்கப் போகிற மனுஷனை அரை வயிற்றோடு அனுப்ப மனசு வருமா? ஆட்டுக்கால் பாயா வைத்திருந்தேன். வஞ்சிரம் வறுத்தேன். போதும் போதும் என்றவரை விடவில்லை. அண்ணி சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் உடம்பில் எதுவும் குறைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன்.

கோரிமேட்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் போனோம். சாம்பிள் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாலா குழாயைத் தூக்கிக் காட்டினாள். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டியது பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

"என்னண்ணே சாப்ட்டீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கொழுப்பாம். ரத்தத்தில் மிதக்கிறதாம். இன்று எடுத்தால் அந்தப் பை வீண். நாளைக்கு வாங்க என்கிறாள். நாளைக்கா! இன்றைக்கே ஏற்ற வேண்டும் என்றார்களே! கைவசம் இருந்த சாதாரண பிளேட்லெட்டைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். அது விடியும்வரை தாங்க வேண்டும். இப்போது மூக்கிலும் கசிகிறது.

"உத்திராபதி வந்தானா?" என்று சரத் கேட்டார். வந்தாரு, நல்லா சாப்ட்டாரு, போயிட்டாரு — எப்பிடிச் சொல்லுவேன்? எங்கையாலயே ஆக்கிப் போட்டு... சாமி, என்னத்தப் பண்ணி வச்சிட்டேன்.

இன்று ஒரு நாள் தொழிலை விட்டாயிற்று. நாளைக்கும் அண்ணி அவரை அனுப்புவாளா? போன் அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்னும் வரவில்லை. மூக்கில் பஞ்சு மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

அதே நாள், மதியம்

வந்தார்கள். இரண்டு பேருமே வந்தார்கள்! முன்னால் வந்தது அண்ணிதான். கழுவாத இட்லித் தட்டைக் கூடையிலிருந்து எடுத்து மாலாவிடமே காட்டினாள்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து எண்ணெயே காட்டலம்மா. ராவுக்கும் இட்லி, காலையிலயும் இட்லி. இப்ப பாரு ரத்தத்த."

சாம்பிள் தெளிவாக இருந்தது.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி ஆட்டுக்காலு வச்சிருந்துச்சின்னு வந்து சொன்னாரு. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரில. நானா இருந்தாலும் அதத்தாண்டி வச்சிருப்பேன்."

மெஷின் ஓடி முடியும்வரை அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. குழாயில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்கு உதட்டில் எறும்பு ஊர்வது போல இருந்ததாம். ரத்தம் உறையாமலிருக்க மெஷினில் விடுகிற மருந்து அப்படிச் செய்யுமாம், கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். பை மஞ்சளாக நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் அது சரத்துக்கு ஏறியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பஞ்சு தேவைப்படவில்லை. அண்ணி போன் செய்தாள். "வலை இழுத்தாரு." அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 21, சனி

இடது கையில் ஊசி. மடியில் நோட்டு நழுவுகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். முருங்கைக்கீரையும் இரும்பு மாத்திரையும் தின்று தின்று, போன வாரம்தான் மாலா சரி என்றாள். இந்தப் பை கடலூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்காம். பெயர் தெரியாது. காலையில் இட்லி மட்டும் சாப்பிட்டேன். அண்ணன் சொன்ன அதே எறும்பு இப்போது என் உதட்டில். பயமாகத்தான் இருக்கிறது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சரத் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறார். வஞ்சிரமாம், அவரே வறுத்தாராம். கொஞ்சம் காட்டுங்களேன் என்று ஜாடை செய்தேன். ஊசியை எடுத்த பிறகுதான் என்று தலையை ஆட்டிவிட்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.